பாலாறு மறித்த பாதை

காஞ்சிபுரத்துக்குப் போய் வந்தவர்களிடம் பாலாற்றைப் பற்றிக் கேட்டால் மணலைப் பற்றித்தான் சொல்வார்கள். 2021 நவம்பரில் அந்த மணலை நாம் தேட வேண்டியதாயிற்று. பல நாள் அடைமழை. மேற்கே வாலாஜாபேட்டை அணைக்கட்டில் லட்சம் கன அடிக்கு மேல் பிரவாகம். வாணியம்பாடியைச் சூறையாடிய 1903-ஆம் வருஷத்து வெள்ளத்துக்குப் பிறகு இப்படி வந்ததில்லை என்றார்கள்.

வாலாஜாபாத்திலிருந்து அவளூர் செல்லும் சாலையில் ஆற்றைத் தரைப்பாலத்தின் மீது கடக்கவேண்டியிருந்தது. ஆறு வறண்டே கிடக்கும் என்ற நம்பிக்கையின் பேரில் கட்டப்படுவதல்லவா தரைப்பாலம்! அதை வெள்ளம் மூழ்கடித்தது, போக்குவரத்து நின்றது. அக்கரைக் கிராமத்தாருக்குச் சுற்றுவழிதான் கதி.

நகரில் பிள்ளையார்பாளையத்து நெசவாளரின் கஷ்டம் வேறு விதம். குழித்தறியில், காலால் மிதிக்கும் பள்ளத்திலே ஜலம் ஊறி நின்றது. பாவைத் தெருவில் நீட்டி உலர்த்த வெயில் இல்லை. ஈரக்காற்றில் பட்டிழையும் தளர்ந்துவிடும். மழை விட்டாலும் குழி உடனே காயுமா? புடவை முடிந்தால்தானே கூலி! கார்த்திகை முகூர்த்தங்களோ நெருங்கிவிட்டன. பெரியவர் ஒருவர் குழி நீரைச் சொம்பால் மொண்டு வாசலில் கொட்டிக்கொண்டிருந்தார். எத்தனை நாளாக இப்படி என்று விசாரித்தோம்.

"நாலு நாளுங்க. இந்தப் பாவுல இன்னும் ஒரு புடவை பாக்கி" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்தார்.