ஆயில் நாமே மாத்தலாமா, கடைக்கு விடலாமா?



ரமணாசிரமத்தைத் தாண்டி செங்கம் ரோட்டில் மேற்கே வந்தால், தோட்டம் துரவு வைத்திருக்கிற வீட்டு வாசலில் ஒரு சின்ன யானையைப் பார்க்கலாம். 2005-ல் டாடா ஏஸ் வந்த பிறகு மாட்டுவண்டி செய்த வேலையெல்லாம் மெதுவாக அதன் தலையில் ஏறிவிட்டது. விடியக்காலை கீரையும் கத்திரிக்காயும் உழவர் சந்தைக்கு, மத்தியானம் தவிடும் புண்ணாக்கும் வீட்டுக்கு, சாயங்காலம் யாராவது சொந்தக்காரர் வீட்டுக் கட்டில் பீரோ. என்கிட்ட இருக்கிறதும் அதுதான். வாங்கி எட்டு வருஷம் ஆகுது.

இந்த வண்டிக்கு எஞ்சின் ஆயிலை வீட்டிலேயே மாத்துறதா, கடையில காசு கொடுத்து மாத்துறதா என்று எங்க ஊர் டீக்கடையில் அடிக்கடி பேச்சு வரும். "அதுக்கு இன்னாத்துக்குக் கடை? ஒரு போல்ட்டு கழட்டணும், மாட்டணும், அவ்ளோதான்" என்பார் ஒருத்தர். "ஐந்நூறு ரூபா மிச்சம் புடிக்கப் போயி எஞ்சினைக் காலி பண்ணிக்காதப்பா" என்பார் இன்னொருத்தர். ரெண்டிலுமே நியாயம் இருக்கு. அதனால் என் நோட்டில் உள்ள கணக்கையே போட்டுவிடுகிறேன்.

ஐந்து லிட்டர் கேனாக வாங்கினால் மலிவு. என் வண்டிக்குப் போன அளவை மட்டும் கணக்கில் எடுத்தால் ஆயில் சுமார் 1,200 ரூபாய், ஃபில்டர் 220, டிரெயின் போல்ட் வாஷர் 15. வீட்டில் மாத்தினால் மொத்தம் 1,435. ரோட்டோரக் கடையில் அதே வேலைக்குப் போன தடவை 1,900 ஆனது. கம்பெனி சர்வீஸில் கழுவி, கிரீஸ் அடித்து, இன்னும் நாலு ஐட்டம் சேர்த்து 3,400 பில். வருஷத்துக்கு மூணு தடவை மாத்துறேன். ரோட்டோரக் கடையோடு ஒப்பிட்டால் வருஷத்துக்கு மிச்சம் 1,400 ரூபாய்க்குப் பக்கம். அதை வைத்து யாரும் மாடி வீடு கட்ட முடியாது. காசுக்காக மட்டும் என்றால் நான் இந்த வேலையைக் கையில் எடுத்திருக்க மாட்டேன்.

கையில் எடுக்க வைத்தது ஒரு சின்னப் புள்ளி. சில வருஷம் முன்னாடி ஒரு கடையில் வண்டியை விட்டேன். கடைப் பேர் வேண்டாம். விடுறதுக்கு முன்னாடி பழைய ஃபில்டர் மேல வீட்டம்மா நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்திருந்தேன். வண்டி திரும்பி வந்தது. ஃபில்டர் பளபளன்னு துடைச்சு இருக்கு, புள்ளி அப்படியே இருக்கு. பில்லில் ஃபில்டருக்குக் காசும் இருக்கு. ஃபில்டரே மாத்தாதவர், ஆயில் எந்த கேனிலிருந்து ஊத்தினார் என்று யாருக்குத் தெரியும்? ஆயில் என்பது கண்ணுக்குத் தெரியாத செலவு. நெல்லில் பதர் கலந்தால் கையில் அள்ளிப் பார்த்தே சொல்லிவிடுவோம். ஆயில் போன இடம் தெரியாது, எஞ்சின் போகும்போதுதான் தெரியும்.

நமக்கு இது புது வேலையும் இல்லை. கரண்ட் பம்புசெட்டு வருவதற்கு முன்னாடி கிணத்து மேட்டில் ஆயில் எஞ்சின் இருந்தது. அதுக்கு எங்க அப்பா யாரையும் கூப்பிட்டதில்லை. அதுக்கும் முன்னாடி தாத்தா வண்டி அச்சுக்கு மை போட்டார். சக்கரம் கீச்சுன்னு சத்தம் போட்ட பிறகு மை போடுறவனை ஊரே திட்டும். அந்தப் புத்திதான் இதுக்கும் வேணும்.

இப்போ முக்கியமான விஷயம்: எப்போ மாத்துறது? புக்கில் இத்தனை கிலோமீட்டர் என்று போட்டிருப்பான். அது நீளமாக ஓடுற வண்டிக்குப் பொருந்தும். நம்ம வண்டி அப்படியா ஓடுது? தோட்டத்திலிருந்து சந்தைக்கு நாலஞ்சு கிலோமீட்டர். எஞ்சின் நல்லா சூடேறுவதற்குள் நிறுத்திவிடுகிறோம். அந்தக் குறை சூட்டில் எஞ்சினுக்குள் சேருகிற ஈரமும் எரியாத டீசலும் ஆவியாகிப் போகாமல் ஆயிலோடு கலந்துவிடும். கூட்ட நாளில் கோயில் பக்கம் மாட்டினால் மீட்டர் ஓடாது, எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நான் கிலோமீட்டரோடு மாசத்தையும் பார்க்கிறேன். எது முதலில் வருதோ அதுதான் கணக்கு. "ஆயில் கறுத்துப்போச்சு, மாத்தணும்" என்று சொல்வதும் சரியில்லை. டீசல் எஞ்சினில் புது ஆயில் சீக்கிரமே கறுத்துவிடும். கரியை வாரி தனக்குள் வைத்துக்கொள்வது அதன் வேலை. கறுப்பைப் பார்த்துப் பயப்படாதீங்க, தேதியைப் பாருங்க.

நான் மாத்துற நாள் பௌர்ணமி. அன்னிக்கு கிரிவலக் கூட்டத்துக்காக ரோட்டை அடைத்துவிடுவார்கள். வண்டி எப்படியும் வாசலில்தான் நிற்கும். செய்முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

சமமான தரையில் நிறுத்தி ஐந்து நிமிஷம் எஞ்சினை ஓடவிடுங்க. இளஞ்சூட்டில்தான் கசடோடு ஆயில் இறங்கும். கொதிக்கக் கொதிக்கக் கழட்டினால் கை வெந்துவிடும். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையைக் கொடுக்கவே கூடாது. இதை மட்டும் விளையாட்டாக எடுத்துக்காதீங்க. ஜாக்கி வழுக்கினால் பேசுறதுக்கு ஆள் இருக்காது.

டிரெயின் போல்ட்டைக் கழட்டிப் பழைய ஆயில் சொட்டு நிற்கும்வரை விடுங்க. வாஷரைப் புதுசாகப் போடுங்க. ஃபில்டர் ரப்பரில் புது ஆயில் கொஞ்சம் தடவி, கையாலேயே இறுக்குங்க. ஸ்பானர் போட்டு முறுக்கக் கூடாது. டிரெயின் போல்ட்டை ஸ்பானரால் அளவோடு இறுக்குங்க. பலத்தைக் காட்டினால் சம்ப்பில் மரை போய்விடும், அப்புறம் மிச்சம் பிடித்த காசெல்லாம் அங்கேயே போகும். புது ஆயிலை புக்கில் உள்ள அளவுக்குக் கொஞ்சம் குறைவாக ஊத்தி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, நிறுத்தி, கொஞ்ச நேரம் கழித்து குச்சியில் பார்த்து மீதியை ஊத்துங்க. "இருக்கட்டும், கூடவே ஊத்துவோம்" என்பது சோத்துக்குச் சரி, ஆயிலுக்குச் சரியில்லை. மேல் கோட்டைத் தாண்டினால் உள்ளே நுரைத்துப்போகும், சீல் கசியும். கடைசியாக அடியில் கசிவு இருக்கான்னு பார்த்துவிட்டு, தேதியும் கிலோமீட்டரும் எழுதி வையுங்க.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 டீசல் வண்டி வைத்திருக்கிறவங்க, சைலன்சரில் புகை வடிகட்டி இருக்கான்னு பாருங்க. இருந்தால் அதுக்குச் சாம்பல் குறைவான ஆயில்தான் ஊத்தணும். பழைய வண்டிக்கு ஊத்தின அதே ஆயிலை ஊத்தினால் நாளாவட்டத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரண்டியில் இருக்கிற வண்டியை வீட்டில் தொடவே வேண்டாம்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமான கேள்வி இனிமேல்தான். இறக்கின பழைய ஆயிலை எங்கே கொட்டுறது?

எங்க பக்கம் வேலிக்கால் கரையானுக்குப் பூசுவார்கள், சென்ட்ரிங் பலகைக்குத் தடவுவார்கள், சிலர் மாட்டுச் சொறிக்குக்கூடத் தடவுவார்கள். மாடு நக்கினால் வயித்துக்குள் போகும், அது விஷம். மனுஷன் தோலிலும் திரும்பத் திரும்பப் படக் கூடாது, புற்றுநோய் வரைக்கும் இழுத்துவிடும். மீதியை வாய்க்காலில் ஊத்திவிட்டுக் கை கழுவிவிடுவார்கள். மலையில் பெய்கிற மழை இந்த வாய்க்கால் வழியாகத்தான் ஏரிக்கும் நம்ம கிணத்துக்கும் வருது. ஒரு தடவை இறக்குற கழிவு ஆயில் பத்து லட்சம் காலன் நல்ல தண்ணியைக் கெடுக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சொல்கிறது. நம்ம கணக்கில் சுமார் 38 லட்சம் லிட்டர். என் கிணறு 30 அடி அகலம், 20 அடி தண்ணி நின்றால் சுமார் 4 லட்சம் லிட்டர். அப்படின்னா ஒரு தடவை இறக்குற ஆயில் ஒன்பது கிணறுக்குச் சமம். ஐந்நூறு ரூபாய் மிச்சத்துக்கு ஒன்பது கிணறு!

சட்டத்திலும் கழிவு ஆயில் அபாயகரமான கழிவுதான். 2016 விதிகளிலேயே அது இருக்கு. 2023-ல் திருத்தி, ஆயில் தயாரிக்கிற கம்பெனிகளே பழைய ஆயிலைச் சுத்திகரிக்கப் பொறுப்பேற்கணும் என்று 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதைச் சுத்திகரித்துத் திரும்ப ஆயிலாக்க முடியும். ஆனால் அது நம்ம வாசல் வரைக்கும் வந்து வாங்கிக்கொள்கிற காலம் இன்னும் வரலை. அதனால் நான் பழைய ஆயிலைக் காலி கேனில் ஊத்தி, மூடி, தண்ணியோ டீசலோ கலக்காமல் மெக்கானிக் அண்ணன் கடை டிரம்முக்குக் கொண்டுபோய்விடுகிறேன். அங்கிருந்து கழிவு ஆயில் எடுக்கிறவர்கள் வந்து எடுத்துப்போவார்கள். பழைய ஃபில்டரையும் வடியவிட்டு அங்கேயே கொடுத்துவிடுகிறேன்.

அந்த அண்ணன் கடைக்குப் போக இன்னொரு காரணமும் இருக்கு. வருஷத்தில் ரெண்டு தடவை ஆயில் நான் மாத்துறேன், மூணாவது தடவை அவர்கிட்ட விடுறேன். முன்னாடி நின்று பார்ப்பேன், ஆயில் கேனை என் கண் முன்னாடிதான் உடைப்பார். வண்டியை ரேம்பில் ஏத்தினால் ஆயில் போல்ட்டை மட்டுமா பார்ப்பார்? போன வருஷம் அடியில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, பிரேக் ஹோஸ் ஒரசிகினு கீது, இதோட ஓட்டிகினு இருக்கியா?" என்றார். ஹோஸ் பாதி தேஞ்சிருந்தது. வீட்டு வாசலில் மல்லாந்து படுத்து அது என் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. நாம் ஓட்டுறது எந்த ரோட்டில்? வெறுங்காலோடு ஜனம் நடக்கிற கிரிவல ரோட்டில். குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள், சாதுக்கள் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாடு குறுக்கே வரும். அங்கே பிரேக் பிடிக்கலைன்னா என்ன ஆகும்? அந்த 300 ரூபாய் கூலியை ஆயில் மாத்துற கூலின்னு நான் நினைப்பதில்லை. அது இன்னொரு ஜோடிக் கண்ணுக்குக் கொடுக்கிற காசு.

ஆக, நம்பிக்கையான மெக்கானிக் இருந்தால் கடைக்கு விடுறதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. சமமான தரையும் பொறுமையும் இருந்து, பழைய ஆயிலைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு இடமும் இருந்தால் வீட்டிலேயே மாத்துங்க. அந்த மூணாவது இல்லைன்னா ஸ்பானரைத் தொடாதீங்க.

அடுத்த பதிவில் டிராக்டர் ஹைட்ராலிக் ஆயில் பற்றி எழுதுகிறேன். அதில் இதைவிடப் பெரிய கூத்து இருக்கு.