மீரியபெத்தை மலையடியில்

பெரகலையிலிருந்து வெல்லவாயவை நோக்கி வளைந்து இறங்கும் நெடுஞ்சாலையில், தியலும நீர்வீழ்ச்சியைக் காணுமுன்னரே கொஸ்லந்தை வந்துவிடுகின்றது. அங்கிருந்து மலைமேல் ஏறினால் மீரியபெத்த தோட்டம். ஊவாவின் எழிலெல்லாம் ஒருங்கே தோன்றும் இடம். ஆயினும் எழிலை மட்டும் கண்டு திரும்ப நமக்கு மனம் வருவதில்லை.

2014-ஆம் ஆண்டு ஒக்டோபர் 29-ஆம் நாள் காலையில் இம்மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்டோரிற் பலர் இன்றும் அம்மண்ணுக்குள்ளேயே இருக்கின்றனர். பாடசாலைக்குப் புறப்பட்டுவிட்ட பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். மாலையில் திரும்புவதற்கு அவர்களுக்கு வீடு இல்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தார் 2005-லும் 2011-லும் இவ்விடத்தின் ஆபத்தை எடுத்துரைத்திருந்தனர். சொந்தமாக ஒரு துண்டு நிலமும் இல்லாத லயத்து மக்கள் எழுந்து எங்கே போவார்கள்? விஞ்ஞானம் பேசிற்று, மாற்று நிலம்தான் வரவில்லை. அவ்வாறாயின் மலையகப் பிள்ளைகளை விஞ்ஞானம் படிக்கத் தூண்டுவதாற் பயன் என்ன என்று வாசகர்கள் கேட்கலாம். அயலூரார் எழுதிய அறிக்கை அலுவலகத்தில் உறங்கக்கூடும். லயத்தில் வளர்ந்த மகளே அதை வாசித்து விளக்கவல்லவளானால், உறங்குவது அத்தனை எளிதன்று.

விஷயமும் கடினமானதன்று. பாறைமேற் படிந்த தளர்ந்த மண்ணில் தொடர்மழை இறங்கும்போது, துகள்களுக்கு இடையிலுள்ள வெளியை நீர் நிரப்புகின்றது. அழுத்தம் மிகுந்து, துகள்களின் பிடி தளர்கின்றது, பாரமும் கூடுகின்றது. நிலம் வெடிக்கும், மரம் சாயும், புதிய ஊற்றுக் கிளம்பும், பழைய ஊற்றுக் கலங்கும், அல்லது சட்டென வற்றும். கொழுந்து பறிக்கும் தாய்மாரே இவற்றை முதலிற் காண்பவர்கள். அவர்கள் கண்டதற்கு அளவு சேர்ப்பது பிள்ளைகளின் வேலை. நேரான சுவருள்ள போத்தலும் ஓர் அடிமட்டமும் இருந்தால் மழையை அளக்கலாம். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150 ஆனால் வெளியேறுதல் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய கணக்கா?

மேற்படிப்புக்கும் வழி உண்டு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013-ல் வந்தது. பதுளையில் 2005-ல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்திலே தேயிலைத் தொழில்நுட்பம்கூடப் பட்டப் பாடமாயிருக்கின்றது. ஏணி இருக்கின்றது, முதற்படிதான் எட்டவில்லை. பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிற் கற்பிக்கும் ஆசிரியர் தோட்டப் பாடசாலைகள் பலவற்றில் இல்லை. பதுளைக்கோ பண்டாரவளைக்கோ போக வசதியற்ற பிள்ளை கலைப்பிரிவில் அமர்கின்றது. கலை தாழ்ந்ததென்று நாம் சொல்லோம். விரும்பியதைத் தெரிந்தெடுக்க இயலாமையே நம்மை வருத்துகின்றது.

பிழைத்த குடும்பங்களுக்குப் பூனாகலைப் பகுதியில் மகல்தெனியவிலே 2016-ல் வீடுகள் கையளிக்கப்பட்டன. அதே பூனாகலையின் கபரகலைத் தோட்டத்தில் 2023 மார்ச்சில் மண் சரிந்தது. அடுத்த வடகீழ்ப் பருவமழைக்கு முன், இப்பக்கத்துப் பாடசாலையொன்றின் கரும்பலகையில் நேற்றைய மழையளவு பிள்ளைகளின் கையெழுத்தில் இருக்குமாயின், அதைக் காண்பதற்கென்றே நாம் மீண்டும் இம்மலை ஏறுவோம்.