மறுபடியும் முளைத்தது

‘ஈரக்குலை நடுங்குகிறது’ என்பது என் பாட்டியின் வாயில் அடிக்கடி வரும் தொடர். மரபுத்தொடருக்கு எடுத்துக்காட்டாக வகுப்பில் அதைப் பலமுறை எழுதிப் போட்டிருக்கிறேன். அதன் பொருள் எனக்கு விளங்கியதென்னவோ, அண்ணனின் கல்லீரல் புற்றுநோய் திரும்பிவிட்டதென்று மருத்துவர் சொன்ன அன்றுதான்.

முதல்முறை வயிற்றைத் திறந்து கட்டியை அகற்றினார்கள். இரண்டாண்டுகளில் வேறிடத்தில் இரு கட்டிகள். “முழுவதும் எடுத்துவிட்டதாகத்தானே சொன்னீர்கள்?” என்று சற்றுக் கடுமையாகவே கேட்டுவிட்டேன். மருத்துவர் பொறுமையாக விளக்கினார். களையைப் பிடுங்கிவிடலாம், நிலமே கெட்டிருந்தால் மறுபடியும் முளைக்கும். அறுவைக்குப்பின் ஐந்தாண்டுகளுக்குள் ஏறத்தாழ 70 விழுக்காட்டினருக்கு இந்நோய் திரும்புகிறதாம். அண்ணனின் நிலத்தைக் கெடுத்தது ஹெபடைடிஸ் பி. முதல் கட்டி தெரியும்வரை அப்படியொன்று உடம்பில் இருப்பதை யாருமே அறிந்திருக்கவில்லை.

இம்முறை ஒரே வழியை நம்பவில்லை. தொடையிடுக்குத் தமனி வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, கட்டிகளுக்கு இரத்தம் செல்லும் கிளைகளில் மருந்தை இட்டு அடைத்தார்கள். கல்லீரலுக்குப் பெரும்பங்கு இரத்தத்தைத் தருவது போர்ட்டல் சிரை. கட்டியோ தமனியை நம்பி வளர்வது. அந்த வேறுபாடுதான் மருத்துவத்துக்குக் கிடைத்த வாசல். சில வாரங்கள் கழித்து, விளிம்பிலிருந்த கட்டியைச் சிறு துளைகளின் வழியே லேப்ராஸ்கோப்பி முறையில் நீக்கினர். ஆழத்திலிருந்ததை ஊசி நுழைத்து வெப்பத்தால் பொசுக்கினர். முன்பு எழுந்து உட்காரவே ஒரு வாரம் பட்ட பாடு நினைவிருக்கிறது. இம்முறை ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

குணமாகிவிட்டது என்று எவரும் சொல்லவில்லை. கிருமியை அடக்கத் தினமும் ஒரு மாத்திரை. மூன்று மாதத்துக்கொருமுறை ஸ்கேன்.

ஒருநாள் அண்ணன் கேட்டார்: “தம்பி, நீ இரத்தம் சோதித்துக்கொண்டாயா?”

பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றக்கூடிய கிருமி இது. உடன்பிறந்தோர் அனைவரும் சோதித்துக்கொள்ள வேண்டுமென்று மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். தேர்வு, விடைத்தாள் என்று ஏதேதோ காரணம் காட்டித் தள்ளிப்போட்டேன். உண்மைக் காரணம் அச்சம்.

சென்ற மாதம் சோதித்தேன். எனக்கும் இருக்கிறது. ஆனால் ஈரல் இன்னும் கெடவில்லை. மனைவிக்கும் மகளுக்கும் தொற்று இல்லை, தடுப்பூசி போட்டாயிற்று. 2011 முதல் நாடெங்கும் குழந்தைகளுக்கு அரசே இலவசமாகப் போட்டுவரும் அதே ஊசிதான். நாங்கள் பிறந்த காலத்தில் எங்கள் ஊரில் அதன் பெயரைக்கூட எவரும் கேட்டதில்லை.

அண்ணனுக்குக் கிடைக்காத முன்னறிவு எனக்குக் கிடைத்திருக்கிறது. அதற்கு அவர் கொடுத்த விலையை நினைக்கையில் பாட்டியின் தொடர்தான் மறுபடியும் நாவில் வருகிறது. நண்பர்களே, நீங்களும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.