நலமுடன் வீடு திரும்பியவர்

பீங்கான் சூளைக்குள், சுடப்படும் பொருள்களுக்கு நடுவே சிறு கூம்புகளை நிறுத்திவைக்கும் வழக்கம் உண்டு. சூளை எவ்வளவு சூடேறியது என்பதை வெப்பமானி சொல்லிவிடும். அந்தச் சூடு மண்ணை என்ன செய்தது என்பதைக் கூம்புதான் தலைசாய்த்துச் சொல்லும். விருத்தாசலத்துக்காரனான எனக்கு, அளத்தல் என்றாலே இந்தக் கூம்பு நினைவுக்கு வந்துவிடுகிறது.

மாரடைப்புக்கு ஒரு மருத்துவமனை தரும் சிகிச்சையின் தரத்தை எதைக் கொண்டு அளப்பது? நோயாளி வந்த எத்தனையாவது நிமிடத்தில் இ.சி.ஜி. எடுக்கப்பட்டது, இரத்த உறைவைக் கரைக்கும் மருந்து எப்போது செலுத்தப்பட்டது, ஆஸ்பிரின் தரப்பட்டதா, உயிரோடு வீடு திரும்பினாரா என்றெல்லாம் கேட்பார்கள். தேவையான கேள்விகள்தாம். ஆனால் இவையனைத்தும் மருத்துவமனை வாசலோடு நின்றுவிடுகின்றன.

என் தாய்மாமா சூளையில் வேலை பார்த்தவர். ஒரு நள்ளிரவில் மார்வலி வந்தபோது வாயுப்பிடிப்பு என்று ஓமநீர் குடித்துவிட்டுப் படுத்தார்; விடிந்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றோம். நன்றாகவே கவனித்தார்கள். ஆறாம் நாள் நடந்தே வெளியே வந்தார். சீட்டில் 'நலம்' என்று எழுதியிருந்தது. மூன்றாம் மாதத்தில் மாத்திரைகள் பாதியாயின. "வலிதான் இல்லையே, மாப்பிள்ளை" என்பார். ஆஞ்சியோகிராம் செய்துகொள்ள வெளியூர் போகவேண்டும். கூலியை விட மனம் வரவில்லை. எட்டாம் மாதம் இறந்துபோனார். அந்த மருத்துவமனையின் கணக்கில் அவர் இன்றும் பிழைத்தவர்தான்.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. இந்தியாவின் 89 மருத்துவமனைகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட இதய நோயாளிகளைப் பதிவுசெய்த 'கிரியேட்' ஆய்வு 2008-இல் வெளியாயிற்று. முப்பது நாட்களுக்குள் இறந்தவர்கள் வறியோரில் நூற்றுக்கு 8.2 பேர், வசதியுள்ளோரில் 5.5 பேர். கிடைத்த சிகிச்சையில் இருந்த வேற்றுமையைக் கணக்கில் கொண்டதும் இந்த இடைவெளி மறைந்துவிட்டது. அதாவது, ஏழையின் இதயம் வேறு மாதிரியானதன்று. அவனுக்குக் கிடைத்த சிகிச்சைதான் வேறு.

தமிழ்நாட்டில் நடந்து 2017-இல் வெளியான மற்றோர் ஆய்வு இன்னும் கூர்மையானது. சிறிய மருத்துவமனைகளை ஆஞ்சியோபிளாஸ்டி வசதியுள்ள பெரிய மருத்துவமனைகளோடு இணைத்தார்கள். முன்பு நூற்றில் 35 பேருக்கு நடந்த ஆஞ்சியோகிராம் 61 பேர்வரை உயர்ந்தது. மருத்துவமனைக்குள் நேர்ந்த இறப்போ ஏறத்தாழ மாறவேயில்லை: முன்பு 5.8, பின்பு 5.6. வாசலோடு எண்ணுவதை நிறுத்தியிருந்தால் முயற்சி வீண் என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஓராண்டு காத்திருந்து எண்ணினார்கள். அப்போது இறப்பு 17.6-லிருந்து 14.2-ஆகக் குறைந்திருந்தது.

வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் நோயாளியின் அளவு, நோயின் அளவு, காலம் மூன்றையும் மருத்துவன் எண்ணவேண்டும் என்கிறார். அடுத்த குறளில் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் சேர்க்கிறார். நம் அளவைகளில் விடுபட்டுப்போனது இந்த நான்காமவன்தான்.

2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டம், மார்வலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு ஆஸ்பிரின், குளோபிடோகிரல், அட்டோர்வாஸ்டேட்டின் என மொத்தம் 14 மாத்திரைகளை அங்கேயே தர வகைசெய்தது. அது முதல் மணிநேரத்துக்கான ஏற்பாடு. மாமாவுக்குத் தேவைப்பட்டது மூன்றாம் மாதத்துக்கான ஏற்பாடு. அதற்கும் வழியுண்டு என்பதை, இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடுதேடி மாத்திரை கொண்டுசென்ற 2021-ஆம் ஆண்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' காட்டியது.

மருத்துவமனைகளைத் தரவரிசைப்படுத்துவோர் ஒரேயொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டால் போதும்: சென்ற ஆண்டு இதே மாதத்தில் நலம் என்று அனுப்பிவைத்தவர்களில் எத்தனை பேர் இன்று இருக்கிறார்கள்? விடை தெரியவேண்டுமானால் யாராவது ஒருவர் வீடுவரை வந்து கேட்டாகவேண்டும். அப்படி வருபவர், மாத்திரை தீர்ந்துவிட்டதா என்றும் கேட்காமலா திரும்பிவிடுவார்?