முன்சக்கரத்துக் கறை

நாகர்கோவில் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் ஒருமுறை குனிந்து பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் கறுத்துக் கிடக்கும். பின்சக்கரம் அவ்வளவு மோசமாக இருக்காது. சின்னக் கார்களில் பெரும்பாலும் முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம். டிரம்மில் தேயும் தூள் உள்ளேயே அடங்கிவிடும், டிஸ்க்கின் தூள் நேராக வீலில் வந்து ஒட்டும். பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால் உழைப்பும் முன்சக்கரத்துக்குத்தான் அதிகம். களியக்காவிளையில் ஏறி நாகர்கோவில் வந்து சேர்வதற்குள் எத்தனை தடவை பிரேக்கை மிதிக்கிறோம் என்பதை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தக் கறைக்கு எந்த மருந்து வாங்குவது என்று கேட்கத்தான் பார்வதிபுரம் தாண்டியுள்ள ஒரு வாட்டர் சர்வீஸுக்குப் போனேன். அங்கே மூத்த தொழிலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்கிறார்கள். லாரி ஷெட்டில் தொழில் பழகியவர். அவர் முதலில் எடுப்பது பாட்டிலை அல்ல. டிஸ்க்கின் பக்கத்தில் புறங்கையைக் காட்டி, சூடு தணியும்வரை வண்டியைச் சும்மா விடுகிறார். "சூட்டுல மருந்து அடிச்சா வேல செய்யதுக்கு முன்னயே காஞ்சு போவும். பெறவு அதுவே ஒரு கறை" என்றார். தண்ணீர் பீய்ச்சி, ஷாம்பு போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் விசாரணை. மிச்சமிருக்கும் புள்ளியின்மேல் பெருவிரல் நகத்தை ஓட்டினார்.

"நகத்துல தடிப்பா இடறினா தாரு. சொரசொரன்னு இருந்தா இரும்பு. வெள்ளையா வட்டம் வட்டமா இருந்தா போர்த்தண்ணி காஞ்சது. ஆளுக்கு ஆளு வைத்தியம் வேற, பாத்துக்கிடும்."

தார் எளிது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் ஒத்தி வைத்தால் இளகிவிடும். டயர் ரப்பரில் படாமல், உடனே சோப்புத் தண்ணீரால் கழுவிவிட வேண்டும். போர்த்தண்ணி வட்டத்துக்கு நீர்த்த வினிகர் போதும்.

இரும்புதான் பிடிவாதக்காரன். டிஸ்க்கிலிருந்தும் பேடிலிருந்தும் சூடாகத் தெறிக்கும் இரும்புத் தூள் வீலின் மேற்பூச்சில் பதிந்து, அங்கேயே துருப்பிடிக்கிறது. ஷாம்பு அதை அசைக்காது. அதற்கென்று 'அயர்ன் ரிமூவர்' விற்கிறார்கள். அண்ணாச்சி அடித்துக் காட்டினார். நிறமில்லாத மருந்துதான், சற்று நேரத்தில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் கத்தரிப்பூ நிறத்தில் வடிய ஆரம்பித்தது. அதிலுள்ள தயோகிளைகோலேட் இரும்பைப் பற்றிக் கரைக்கும்போது வரும் நிறம் அது. நாற்றம் மட்டும் அழுகிய முட்டை. முடி நீக்கும் களிம்பிலும் இதே வகைச் சரக்குதான், அதனால் அந்த வாடை சிலருக்குப் பழக்கமாக இருக்கலாம். நிறம் மாறாவிட்டால் அங்கே இரும்பு இல்லை. மேலும் மேலும் அடிப்பது காசுக்குக் கேடு.

இந்த மருந்துக்கு விலை கூடுதல். அதனால் வருகிறவர்களில் பலர் "ஆசிட் போட்டு முடிச்சிரு" என்கிறார்களாம். குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிய பழக்கம், புளிப்பு எதுவானாலும் பளபளப்பு வரும் என்ற நம்பிக்கை. ஆனால் அலாய் வீல் அலுமினியம். அமிலமும் அதை அரிக்கும், காஸ்டிக் சோடாவும் அரிக்கும். பூச்சில் எங்காவது கீறல் இருந்தால் கழிப்பறை ஆசிட் அதன் வழியே உள்ளே இறங்கி வெளுத்த திட்டை உண்டாக்கும். அந்தத் திட்டு எந்த மருந்துக்கும் போகாது.

வீலாவது போகட்டும். மலிவான சில வீல் மருந்துகளில் அமோனியம் பைஃபுளூரைடு சேர்க்கிறார்கள். தோலில் பட்டால் உடனே எரிச்சல் தெரியாமல்கூட இருக்கலாம். மெதுவாக ஊடுருவி எலும்பில் உள்ள கால்சியம்வரை போகும். நான் பார்க்கும்போது அஸ்ஸாமிலிருந்து வந்த பையன் வெறுங்கையோடு ரிம்மின் இடுக்கில் பிரஷ் விட்டுக் குடைந்துகொண்டிருந்தான். நகக்கண்கள் வெளுத்து, தோல் உரிந்திருந்தன. கையுறை சுவரில் ஆணியில் தொங்கியது. "அத மாட்டினா கை ஓடாதுங்கான்" என்றார் அண்ணாச்சி. எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கைக்குப் பொருந்தும் கையுறை வாங்கித் தருவது முதலாளியின் வேலை.

மதியம் குளச்சலிலிருந்து மீன் வியாபாரி ஒருவரின் கார் வந்தது. வீலின் மேற்பூச்சுக்கு அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்ததுபோல் கோடுகள். அண்ணாச்சி நகம்கூட வைக்கவில்லை. "இது அழுக்கு இல்ல, உப்பு தின்னது. கழுவதுக்கு ரூவா தராதயும்" என்று திருப்பி அனுப்பினார். பூச்சை முழுக்க உரித்து மறுபடி பெயிண்ட் அடிப்பது ஒன்றே வழி.

கடற்கரையோரம் வண்டி ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரும் ஷாம்புவும் கொண்டு வீலைக் கழுவினாலே பாதிக் கறை ஏறாது. மருந்து வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ஃபுளூரைடு என்று கண்டால் திருப்பி வைத்துவிடுங்கள். கழுவக் கொடுக்கும்போது, பையனின் கையில் உறை இருக்கிறதா என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.