கட்டி என்னும் ஒரு சொல்

ஹைதராபாத் சந்தையில் உருளைக்கிழங்கு 'ஆலுகட்ட', வெங்காயம் 'உல்லிகட்ட'. மண்ணுக்கடியில் திரண்டவற்றைச் சுட்டும் அதே தெலுங்குச் சொல், உடலில் திரண்டதையும் சுட்டும். சீழ்க்கட்டியும் அதுவே, புற்றுக்கட்டியும் அதுவே. தமிழின் 'கட்டி'க்கும் இவ்விரிவு உண்டு. பிள்ளை பெற்று ஒரு மாதமே ஆன பெண்ணிடம் மருத்துவர் இச்சொல்லை உரைக்கையில், அவள் மனம் முதலில் புற்றுநோயை நோக்கியே ஓடக்கூடும். உருதுவின் 'ஃபோடா' சீழையே முதலில் நினைவூட்டுவது. அவ்வகையில் பழைய நகரத்துத் தாய் சற்றே பேறு பெற்றவள்.

பாலூட்டும் மார்பில் தோன்றும் சீழ்க்கட்டி, பெரும்பாலும் தணியாத மார்பழற்சியின் தொடர்ச்சி. காம்பின் வெடிப்பு வழியே ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிர் நுழைவதே வழக்கமான காரணம். சீழ் திரண்டுவிட்டதா என்பதை அல்ட்ராசவுண்டு ஸ்கேன் காட்டிவிடும். திரண்டுவிட்டால் மாத்திரை மட்டும் போதாது, சீழ் வெளியேறியாக வேண்டும். முன்பெல்லாம் மயக்கமருந்து கொடுத்துக் கீறி வடிப்பதே முறை. வடு நிற்கும், நாள்தோறும் கட்டு மாற்றவேண்டும், சிலருக்குக் காயத்தின் வழியே பாலும் கசியும். இன்று மேல்தோல் நலமாயிருப்பின், அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே ஊசியால் சீழை உறிஞ்சுகின்றனர். சில நாள் இடைவெளியில் மீண்டும் உறிஞ்ச நேரலாம். சீழைச் சோதனைக்கு அனுப்பி, அதற்கேற்ற ஆன்டிபயாடிக் தருவர். தோல் மெலிந்து கறுத்திருந்தாலோ, பன்முறை உறிஞ்சியும் அடங்காவிடினோ சிறு கீறல் தேவைப்படும்.

இவற்றினும் கடினமானது வீட்டார் சொல்லும் 'பால் கெட்டுவிட்டது' என்னும் வாக்கியம். யார் கெடுத்தது, எப்படிக் கெட்டது என்று கூறாத வினை அது. ஆயினும் பழி தாய்மேல்தான் விழுகிறது, பாலூட்டலும் அன்றே நிற்கிறது. உலக நலவாழ்வு நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலேயே இதற்கு மாறாக வழிகாட்டியது: பாலூட்டலைத் தொடரலாம், திடீரென நிறுத்துவதே பால் தேங்கித் துன்பம் பெருக வழி. வலி மிகுந்தாலோ, கீறல் காம்பை ஒட்டியிருந்தாலோ மறுமார்பில் ஊட்டலாம். அழுத்தித் தேய்த்துவிடும் பாட்டி வைத்தியமும் வீக்கத்தைக் கூட்டும். குளிர் ஒத்தடமே நல்லது என்கின்றன 2022-இன் வழிகாட்டுதல்கள்.

நிலோஃபர் மருத்துவமனை போன்று பன்மொழிப் பெண்கள் வரும் இடத்தில், "இது சீழ், புற்றன்று, பால் கொடுக்கலாம்" என்பதை அவரவர் மொழியில் சொல்லிவிட்டால் பாதி நடுக்கம் அடங்கும். எனினும் 'கட்டி'யின் மற்றொரு பொருளை மருத்துவர் முற்றிலும் கைவிடுவதில்லை. சிகிச்சை முடிந்தும் கரையாத கட்டியிலிருந்து சிறு திசுவெடுத்துச் சோதிக்கின்றனர். காசநோயோ, அரிதாகப் புற்றோ அங்கு ஒளிந்திருக்கலாம்.