மட்டை இல்லாத ஒரு மணி நேரம்

ஆதம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. பள்ளிக்கூட மைதானத்துச் சுவரில் கிட் பேக்குகள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் மட்டையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார் கோச். “மொதல் ஒரு மணி நேரம் ஃபீல்டிங். பேட்டைத் தொட்டவன் நாலு ரவுண்டு ஓடணும்.” பிள்ளைகளின் முகம் வாடுகிறது. தெருவில் ஆடி வளர்ந்தவர்களுக்குக் காஜி கிடைக்காத காலை எப்படி ருசிக்கும்? அங்கே ஃபீல்டிங் என்பது சின்னப் பையன்கள் தலையில் கட்டும் வேலை. கீப்பிங் என்பது ஒப்புக்குச் சப்பாணிக்குக் கொடுக்கும் இடம்.

கோச்சுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். இடது கையில் பேஸ்பால் கையுறை மாட்டியிருக்கிறார். ஒரு காலத்தில் பழுப்பாக இருந்திருக்கும் தோல், வேர்வை ஊறிக் கறுத்துக் கிடக்கிறது. கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே உள்ள பின்னலில் வார் அறுந்த இடத்தில் வெள்ளை ஷூ லேஸைக் கோத்து இறுக்கியிருக்கிறார். பெரிய அணிகளின் ஃபீல்டிங் கோச்சுகள் கையிலும் இதைப் பார்க்கலாம். காலை முழுக்கத் த்ரோ வாங்குகிற கை வெறுங்கையாக இருந்தால் மறுநாள் எதையும் பிடிக்க முடியாது.

கீப்பர் ஒரு சிறுமி. பதின்மூன்று வயது சொல்லலாம். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டி, அதன்மேல் தொப்பி. ஸ்டம்புக்குப் பின்னால் குந்துகிறாள். கோச் சற்றுத் தள்ளி நின்று பந்தைத் தரையில் குத்தி எறிகிறார். நடுவில் நிற்கும் பையன் கையில் ஒரு ஸ்டம்ப். பந்தில் படாமல் அதன் பாதையில் அவன் ஸ்டம்பை வீச வேண்டும். பந்து கண்ணுக்கு மறையும் அந்தக் கணத்தில் அது எங்கே வரும் என்று அவள் கணிக்க வேண்டும். முதல் சில பந்துகள் விரல் நுனியில் பட்டுச் சிதறுகின்றன.

“சீக்கிரம் எழுந்துடறேம்மா. பந்து குத்தற வரைக்கும் உக்காந்தே இரு. அது எழும்பறப்போ நீயும் எழும்பு.”

அவள் தலையாட்டுகிறாள். அடுத்ததும் தவறுகிறது. அதற்கடுத்த பந்துக்குக் கொஞ்சம் தாமதமாக எழுகிறாள். கை தானாகப் பின்னால் வருகிறது. ‘தப்’ என்று ஒரு சத்தம். கையுறையின் நடுவில் விழுந்தால்தான் அந்தச் சத்தம் வரும். கோச் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தை எடுத்துக்கொள்கிறார். அவளுக்கு அது போதும் போலிருக்கிறது. கையுறையைக் கழற்றி, உள்ளே போட்ட ஈரமான இன்னரைப் பிழிந்து மாட்டிக்கொண்டு மறுபடி குந்துகிறாள். தொடை நடுங்குவது தூரத்திலிருந்தே தெரிகிறது.

கீப்பர் வேலையை யார் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்? வேளச்சேரியில் பறக்கும் ரயில் ஏறினால் சேப்பாக்கத்தில் இறங்கலாம். அங்கே 1988 ஜனவரியில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக நரேந்திர ஹிர்வானி தன் முதல் டெஸ்டிலேயே 16 விக்கெட் எடுத்தார். கிரிக்கெட் பார்க்கிற எவரும் அதைச் சொல்வார்கள். அதே ஆட்டத்தில் கிரண் மோரே ஆறு பேரை ஸ்டம்பிங் செய்தார். ஐந்து பேர் ஒரே இன்னிங்ஸில். இரண்டுமே டெஸ்ட் சாதனைகள். பந்து கண்டபடி திரும்பிய களத்தில், மட்டை குறுக்கே வீசப்படும்போதெல்லாம் எழாமல் காத்திருந்த கைகள் அவை. ஹிர்வானியின் பெயரோடு சேர்த்து மோரேயின் பெயரையும் சொல்வதுதான் நியாயம்.

மைதானத்தின் மறுமுனையில் பவுலர்கள். எதிரே ஒரே ஒரு ஸ்டம்ப், அதற்கு முன்னால் குட் லென்த்தில் ஒரு பழைய ஷூ. பந்து ஷூவில் விழ வேண்டும். விழுந்தாலும் விழாவிட்டாலும் வேலை அங்கே முடிவதில்லை. பவுலர் ஓடி முடித்து நிமிர்வதற்குள் எதிர்ப்பக்கம் நிற்கும் உதவிக் கோச் இன்னொரு பந்தை அவன் மேலேயே அடிக்கிறார். சில சமயம் மார்புக்கு, சில சமயம் காலடிக்கு. பிடித்தாலும் விட்டாலும் உடனே அவன் தன் பக்கத்து ஸ்டம்புக்கு ஓட வேண்டும். ஓடி, ஸ்டம்புக்குப் பின்னால் நின்று, கவரிலிருந்து வரும் த்ரோவை வாங்க வேண்டும். நெட்டையான ஒரு பையன் திரும்பத் திரும்ப ஸ்டம்புக்கு முன்னாலேயே போய் நிற்கிறான்.

“பின்னால போடா. நீ முன்னால நின்னா நேரா ஸ்டம்புல படற த்ரோவை நீயே மறைச்சுடுவே.”

இந்தப் பயிற்சியைப் பேஸ்பாலில் அதற்கென்றே நேரம் ஒதுக்கிச் செய்கிறார்கள். அங்கே பிட்சர் நிற்கும் பலகைக்கும் ஹோம் பிளேட்டுக்கும் 60 அடி 6 அங்குலம். நம் பிட்ச் ஸ்டம்புக்கு ஸ்டம்ப் 66 அடி. எறிந்து முடித்த மறுகணம் பிட்சரும் ஒரு ஃபீல்டர்தான். வலப்பக்கம் அடிக்கப்பட்ட பந்தை எடுக்க முதல் பேஸ்காரர் நகர்ந்துவிட்டால், அந்த பேஸுக்கு ஓடிப்போய்ப் பந்தை வாங்க வேண்டியவர் பிட்சர். அமெரிக்காவில் பிப்ரவரி மாதம் பயிற்சி முகாம் தொடங்கும்போது முதலில் வந்து சேர்கிறவர்களும் பிட்சர்கள், கேட்சர்கள்தான். மற்றவர்கள் பிறகுதான் வருவார்கள். எவ்வளவு சரியான ஏற்பாடு!

நடு மைதானத்தில் நான்கு பையன்கள் வளையமாக நிற்கிறார்கள்: பாயிண்ட், கவர், மிட்விக்கெட், ஸ்கொயர் லெக். கோச் இப்போது இங்கே வந்துவிட்டார். வலது கையால் பந்தை உருட்டுகிறார். பையன் ஓடிவந்து, ஒரு முழங்காலை மடித்து, பந்துக்குப் பின்னால் உடம்பை வைத்து எடுத்து எறிய வேண்டும். கோச்சின் கையுறைக்குள் அது வந்து விழ வேண்டும். எறிகிறவனுக்கு நேர் எதிரே இருப்பவன் பின்னால் ஓடி பேக்கப் நிற்க வேண்டும். இதற்கு யாரும் கைதட்டுவதில்லை. த்ரோ சரியாக வந்தால் அவன் ஓடியதே தெரியாது.

தரை சமமாக இல்லை. மண்ணில் சின்னச் சின்னக் கற்கள். நேராக வந்த பந்து கடைசி நேரத்தில் எகிறி, மிட்விக்கெட் பையனின் மார்பில் படுகிறது. சுருண்டு உட்கார்கிறான். எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். ஒருமுறை தேய்த்துவிட்டு, காலடியில் கிடந்த பந்தை எடுத்து எறிகிறான். த்ரோ நேராகக் கையுறையில் இறங்குகிறது. பேஸ்பாலில் களத்தில் நிற்கும் ஒன்பது பேருக்கும் கையுறை உண்டு. கிரிக்கெட் விதிப்படி கீப்பர் தவிர வேறு யாரும் போடக் கூடாது. பேஸ்பாலின் எடை 142 முதல் 149 கிராம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163. கனமான பந்து, வெறுங்கை.

அந்த வெறுங்கையோடுதான் ஏக்நாத் சோல்கர் ஹெல்மெட்டும் இல்லாமல் ஷார்ட் லெக்கில் நின்று 27 டெஸ்டில் 53 கேட்ச் பிடித்தார். நம் வெங்கட்ராகவன், சுழற்பந்தால் மட்டுமா பேர் வாங்கினார்? மட்டைக்குப் பக்கத்தில் நின்று 44 கேட்ச். டிரினிடாடில் பிறந்து சென்னைக்கு வந்த ராபின் சிங், ஃபீல்டிங்காலேயே அணியில் ஓர் இடத்தைத் தனக்கென்று ஆக்கிக்கொண்டவர். பின்னாளில் இந்திய அணிக்கே ஃபீல்டிங் கோச் ஆனார்.

ஏழரை நெருங்குகிறது. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போகிறது. கோச் சொல்வது யார் காதிலும் விழவில்லை. விரலால் காட்டுகிறார்: இன்னும் பத்து. முகங்கள் இப்போது வாடவில்லை. மிட்விக்கெட்டும் கவரும் யார் கேட்ச் விடுகிறார்கள் என்று தங்களுக்குள் பந்தயம் கட்டிக்கொள்கிறார்கள்.

சுவரோரம் பெற்றோர்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள். வண்டியிலிருந்து இறங்காமலே ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்கிறார்: “பந்து பொறுக்கறதுக்கா சார் ஃபீஸ் கட்டறோம்? எப்ப பேட்டிங் குடுப்பாங்க?” பக்கத்தில் இருப்பவர் சிரித்து வைக்கிறார். கீப்பர் சிறுமியின் அம்மா மட்டும் எதுவும் சொல்லாமல் மகள் குந்துவதையும் எழுவதையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். தண்ணீர் பாட்டிலை நீட்டும்போது கேட்கிறார்: “எத்தனைடி விட்டே?” “ஆரம்பத்துல நெறைய. கடைசில ரெண்டே ரெண்டும்மா.” சொல்லும்போது அந்த முகத்தில் இருந்த பெருமை, செஞ்சுரி அடித்தவன் முகத்திலும் இதைவிட அதிகம் இருக்காது.

மட்டை எல்லாருக்கும் வாய்ப்பதில்லை. பதினோராவதாக இறங்குகிறவன் பல ஆட்டங்களில் பேடு கட்டியபடியே உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவான். ஆனால் எதிரணி ஆடும் ஒவ்வொரு ஓவரிலும் அவன் களத்தில் நின்றாக வேண்டும். அந்த நேரத்தை மதிக்கக் கற்றுக்கொடுக்கும் கோச் கிடைத்தது அந்தப் பிள்ளைகளின் பாக்கியம். மைதானத்து வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் அப்பாக்களே, அம்மாக்களே, “எத்தனை அடிச்சே?” என்று தாராளமாகக் கேளுங்கள். “எத்தனை புடிச்சே?” என்பதையும் அதே ஆர்வத்தோடு கேளுங்கள்.